பாறைக்கு யார் ஜாமீன்?

டாக்டருக்கு உரிமம் உண்டு, வக்கீலுக்கு உண்டு, ஆடிட்டருக்கு உண்டு. காலடி நிலம் தாங்குமா என்று சொல்லும் நிலவியலாளருக்கு மட்டும் ஏன் இல்லை?

1928 மார்ச் 12. லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடமேற்கே, மலைகளுக்கு நடுவில் நிற்கிறது செயின்ட் ஃபிரான்சிஸ் அணை. கட்டி முடித்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. சில நாள்களுக்கு முன்புதான் முதல் முறையாக விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது. காலையில் சுற்றி வந்த அணைக் காவலர், மேற்குக் கரையோரம் புதிதாக ஒரு கசிவைப் பார்க்கிறார். தண்ணீர் கலங்கலாக வருகிறது. கலங்கல் என்றால் அடியில் ஏதோ கரைகிறது என்று அர்த்தம். அணையைக் காப்பவர்களுக்கு அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது. தகவல் போனதும் நகரின் குடிநீர்த் துறைத் தலைமைப் பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் தன் உதவியாளருடன் நேரில் வருகிறார். வயது 72. கல்லூரியில் படிக்காமல், வாய்க்கால் வேலையில் தொடங்கி, சுமார் 375 கிலோமீட்டர் நீளக் கால்வாயை வெட்டி 1913-இல் அந்த வறண்ட நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த மனிதர். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியவர். கசிவைப் பார்க்கிறார். வெளியே வரும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, புதிதாகப் போட்ட பாதையின் மண் கலந்துதான் கீழே கலங்குகிறது என்று முடிவு செய்கிறார். ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். அன்றிரவு பன்னிரண்டு மணி அடிக்கச் சுமார் மூன்று நிமிடம் இருக்கும்போது அணை உடைந்தது. ஏறக்குறைய 4,700 கோடி லிட்டர் தண்ணீர், 85 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, விடியற்காலையில் பசிபிக் கடலில் விழுந்தது. வழியில் செத்தவர்கள் குறைந்தது 431 பேர்.

விசாரணையில் வெளிவந்ததுதான் இந்தக் கட்டுரைக்குத் தேவையான விஷயம். அணையின் கான்கிரீட் பற்றிப் பெரிய புகார் எழவில்லை. அது உட்கார்ந்திருந்த இடம்தான் சரியில்லை. மேற்குக் கரையில் கூழாங்கற்கள் சேர்ந்து இறுகிய செம்பாறை. காய்ந்திருக்கும்போது கல்லாக நிற்கும். அதன் துண்டைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் போட்டால் குமிழி விட்டபடி உதிர்ந்து, கொஞ்ச நேரத்தில் மணலும் சேறுமாக அடியில் படிந்துவிடும். கிழக்குக் கரையில் ஏடு ஏடாகப் பிரியும் பாறை. அந்தச் சரிவே பழங்காலத்தில் ஒருமுறை சரிந்து நின்ற நிலம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலப்பிளவு. மரண விசாரணை நடத்திய ஜூரிகள், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒரு தனி மனிதரின் முடிவை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய அணையை விட்டிருக்கக் கூடாது என்றார்கள். முல்ஹாலண்ட் பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். டம்ளர் சோதனைக்கு ஆகும் செலவு காலணாகூட இல்லை. அதைச் செய்துவிட்டுத்தான் அணை கட்டவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த அன்று சட்டமில்லை. செய்து பார்த்து "வேண்டாம்" என்று எழுத வேண்டிய பொறுப்பு எந்தத் தொழில்காரருக்கும் கொடுக்கப்படவில்லை.

பொறியாளருக்கு உடனே, பாறை படித்தவருக்கு நாற்பது ஆண்டு கழித்து

விபத்துக்கு அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, அணைகளை மாநில அரசின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. 1917-இல் இருந்த பழைய சட்டம், சொந்தமாகப் பொறியியல் துறை வைத்திருக்கும் நகராட்சிகளுக்கு விலக்கு கொடுத்திருந்தது. செயின்ட் ஃபிரான்சிஸ் அந்த விலக்கில்தான் எழும்பியது. இரண்டாவது சட்டம், கட்டுமானப் பொறியாளர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. பாறையால் வந்த விபத்து. உரிமம் கிடைத்தது பொறியாளருக்கு. நிலவியலாளர், பேச்சு வழக்கில் ஜியாலஜிஸ்ட், அதே மாநிலத்தில் உரிமம் பெறுவதற்கு 1968-இல் வந்த நிலவியலாளர் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நாற்பது ஆண்டு இடைவெளிக்கு அரசின் அலட்சியம் மட்டும் காரணமில்லை. நிலவியலாளர்களுக்கே இதில் ஒருமித்த மனது இல்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலோர் எண்ணெய்க் கம்பெனிகளிலும் சுரங்கங்களிலும் சம்பளத்துக்கு இருந்தார்கள். அவர்கள் கணிப்பு தப்பினால் நஷ்டம் முதலாளிக்கு. அதற்கு அரசின் முத்திரை எதற்கு என்று கேட்டார்கள். பொறியாளர் வாரியத்தின் வாலாகத் தங்களைக் கட்டிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. 1963-இல் தொடங்கிய அமெரிக்கத் தொழில்முறை நிலவியலாளர் நிறுவனம், அரசு தலையிடும் முன் நாமே தகுதி பார்த்துச் சான்று கொடுத்துக்கொள்ளலாம் என்ற வழியில் நடந்தது. அவர்களுடைய எண்ணம் மாறக் காரணம் வேலை மாறியதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியாவின் மலைகளை வெட்டி மனை போட்டார்கள். 1980-களில் பெட்ரோல் பங்க்குகளின் நிலத்தடித் தொட்டிகள் ஒழுகி நிலத்தடி நீரைக் கெடுப்பது நாடு முழுக்கப் பிரச்சினையானது. இரண்டிலும் நிலவியலாளரின் அறிக்கையை நம்பி நஷ்டப்படுபவர் அவருடைய முதலாளி அல்ல, யாரோ ஒரு வீட்டுக்காரர். அதற்குப் பிறகுதான் மாநிலம் மாநிலமாக உரிமச் சட்டங்கள் வரிசையில் வந்தன.

―――――――――――
எங்கே என்ன ஏற்பாடு?

அமெரிக்கா: மாநிலத்துக்கு ஒரு சட்டம். முதலில் வந்தது அரிசோனா, 1956. டெக்சாஸ் 2001, நியூயார்க் 2014. 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமம் உண்டு. கொலராடோவில் உரிமம் இல்லை. யார் நிலவியலாளர் என்ற விளக்கம் மட்டும் சட்டத்தில் இருக்கிறது.

இத்தாலி: நிலவியலாளர் பட்டத்தையும் தொழிலையும் காக்கும் சட்டம் 1963 பிப்ரவரியில்.

பிலிப்பைன்ஸ்: 1965 முதல் அரசுத் தேர்வு, 2012-இல் புதிய சட்டம்.

தென்னாப்பிரிக்கா: இயற்கை அறிவியல் தொழில்களுக்கான 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு.

பிரிட்டன்: சட்டப்படி உரிமம் இல்லை. லண்டன் நிலவியல் சங்கம் தரும் ‘சார்ட்டர்டு’ பட்டத்துக்குச் சந்தையில் மதிப்பு.

இந்தியா: வழக்குரைஞர், கட்டடக் கலைஞர், கணக்குத் தணிக்கையாளருக்குத் தனிச் சட்டங்கள். நிலவியலாளருக்கு இல்லை.
―――――――――――

10.4-இலிருந்து 0.15-க்கு

உரிமம் கொடுத்ததால் ஏதாவது குறைந்ததா என்று கேட்பது நியாயம். பல தொழில்களில் இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். இந்தத் தொழிலில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒரு கணக்கை விட்டுவைத்திருக்கிறது. 1952 மழையில் வீடுகள் சரிந்தபின், மலையை வெட்டி மனை போடுவதற்கென்றே அந்த நகரம் விதி கொண்டுவந்தது. 1963-இல் அதைக் கடுமையாக்கியது: நிலவியலாளரும் மண் பொறியாளரும் வடிவமைப்பிலும் இருக்க வேண்டும், வெட்டும்போதும் நின்று பார்க்க வேண்டும். 1969-இல் பெருமழை கொட்டியது. அதன்பின் நிலவியலாளர் ஜேம்ஸ் ஸ்லாசன் கணக்கெடுத்தார். 1952-க்கு முன் போட்ட சுமார் 10,000 மலை மனைகளில் 10.4 சதவீதம் சேதமாகியிருந்தன. 1952 முதல் 1962 வரை, அரைகுறை விதிகளின் காலத்தில் போட்ட 27,000 மனைகளில் 1.3 சதவீதம். 1963-க்குப் பின் போட்ட 11,000 மனைகளில் 0.15 சதவீதம், எண்ணிக்கையில் 17 மனைகள்.

இந்த எண்களை உரிமத்தின் கணக்கில் மட்டும் வரவு வைத்தால் அது ஏமாற்று வேலை. பழைய மனைகள் அதிக மழைக்காலங்களைப் பார்த்தவை. மாநில உரிமச் சட்டம் 1968-இல்தான் வந்தது. அதற்கு முன் நகரமே தனியாக ஒரு குழு வைத்து நிலவியலாளரின் தகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூடவே மண் பொறியாளர், நகர ஆய்வாளர் என்று பலர் வேலை செய்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கழித்தாலும் மிஞ்சுவது ஒன்று: அறிக்கையைச் சட்டம் கேட்டது, தகுதி சோதிக்கப்பட்ட ஒருவர் அதில் கையெழுத்திட்டார், இன்னொருவர் அதைச் சரிபார்த்தார். மூன்றும் சேர்ந்தபோது மலை சரிவது நின்றுவிடவில்லை. சரியும் இடத்தில் வீடு கட்டுவது வெகுவாகக் குறைந்தது. 1971 சான் ஃபெர்னாண்டோ பூகம்பத்துக்குப் பின் வந்த அல்குவிஸ்ட் - பிரியோலோ சட்டம் (1972) இதே வழியில்தான் போகிறது. உயிருள்ள நிலப்பிளவு இருக்கும் வட்டாரத்தில் வீடு கட்ட வேண்டுமானால், உரிமம் பெற்ற நிலவியலாளர் பள்ளம் தோண்டிப் பிளவு எங்கே போகிறது என்று காட்ட வேண்டும். அந்த அறிக்கையை உள்ளாட்சியின் சார்பில் உரிமம் பெற்ற இன்னொரு நிலவியலாளர் பரிசீலிக்க வேண்டும். இரண்டு உரிமங்கள், இரண்டு பெயர்கள்.

விதி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தின் போர்ச்சுகீஸ் பெண்ட் கடற்கரைச் சரிவில், பழைய நிலச்சரிவின் முதுகில் வீடுகள் கட்டப்பட்டிருந்தன. 1956-இல் சாலைப் பணிக்காக மேலே மண் கொட்டியபோது நிலம் நகரத் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. மாவட்ட நிர்வாகம் 50 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரவேண்டும் என்று 1965-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சரிவு அடங்கவில்லை. சமீப ஆண்டுகளின் கனமழைக்குப் பின் வேகம் பிடித்ததால், 2024-இல் அங்குள்ள வீடுகளுக்கு மின்சாரத்தையும் எரிவாயுவையும் துண்டிக்க வேண்டியதாயிற்று.

இங்கே கையெழுத்துப் போடுவது யார்?

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போயின. அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டுக்குள் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததை ஊட்டிக்காரர்கள் இன்னும் தேதி சொல்லிப் பேசுவார்கள். ஒவ்வொரு முறையும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் கட்ட யார் அனுமதி கொடுத்தது? பதில் எப்போதும் ஒரு துறையின் பெயராக இருக்கிறது. ஓர் ஆளின் பெயராக இருப்பதில்லை.

இந்தியாவில் நிலவியலாளர்களுக்குப் பஞ்சமில்லை. 1851-இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இருக்கிறது. அதற்கு ஆளெடுக்க யூ.பி.எஸ்.சி. தனித் தேர்வு நடத்துகிறது. ஆனால் அது வேலைக்கான தேர்வு. வெளியே தொழில் செய்பவரின் தகுதியை அந்தந்தச் சட்டம் தன் வசதிக்கு ஒன்றாகப் பார்க்கிறது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை என்றால் ஆலோசனை நிறுவனத்துக்கு ‘நாபெட்’ அங்கீகாரம் வேண்டும்; நிலவியல் வல்லுநர் அந்த நிறுவனத்தின் பட்டியலில் ஒரு பெயர். சுரங்கத் திட்டம் என்றால் முன்பு ஆர்.கியூ.பி. எனப்படும் அங்கீகரிக்கப்பட்ட தகுதியாளர் என்று ஒரு பதிவு இருந்தது. தமிழ்நாட்டுக் கல்குவாரி வட்டாரத்தில் அந்தச் சொல் இன்னும் புழங்குகிறது. பெருங்கனிமங்களுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகள் அதை எளிமையாக்கிவிட்டன: சுரங்கப் பொறியியல் பட்டமோ நிலவியலில் முதுகலைப் பட்டமோ, கூட ஐந்து ஆண்டு மேற்பார்வை அனுபவமும் இருந்தால் போதும். தொழில் தொடங்குவது சுலபமாக வேண்டும் என்ற எண்ணம் சரிதான். ஆனால் பதிவில் இருந்த பெயரை நீக்க முடியும். பட்டச் சான்றிதழை யாரும் திரும்ப வாங்க முடியாது. தவறான திட்டம் எழுதியவர் அடுத்த வாரம் இன்னொன்று எழுதுவார்.

கட்டடம் என்று வந்தால் நிலைமை இன்னும் விசித்திரம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கட்டடக் கலைஞர், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், நகரத் திட்ட வல்லுநர் என்று வரிசையாகப் பதிவு கேட்கின்றன. நிலவியலாளருக்கு அந்த வரிசையில் தனி இடமில்லை. மலைப்பகுதியில் ‘ஹாகா’ எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் அனுமதி கேட்டால், கோப்பு புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்கும், வேளாண் பொறியியல் துறைக்கும், வனத்துறைக்கும் போகும். சுரங்கத் துறையில் இருக்கும் அதிகாரி குவாரி உரிமம், மணல் கடத்தல் வழக்கு, கனிம வருவாய் ஆகியவற்றுக்கு நடுவில் உங்கள் சரிவுக்கும் கருத்து எழுத வேண்டும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவர் எழுதும் கருத்து துறையின் கருத்து. மாற்றலாகிப் போனால் அதோடு சரி.

கிராமத்தில் இது வேறு உருவத்தில் தெரியும். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவரும், மின்தடைக் கருவியோடு வந்து வரைபடம் போட்டுத் தரும் எம்.எஸ்ஸி. ஜியாலஜிஸ்ட்டும் சட்டத்தின் முன் சமம்தான். போர்வெல் போடும் லாரிக்குப் பதிவு உண்டு. இடம் குறித்துக் கொடுத்தவருக்கு இல்லை. ஆயிரம் அடி தோண்டிப் புகை வந்தால் விவசாயி யாரிடம் போய்ப் புகார் சொல்வார்? தேங்காய்க்காரராவது ஊரிலேயே இருப்பார்.

―――――――――――
வரைபடம் இருக்கிறதே, போதாதா?

தேசிய நிலச்சரிவு அபாய வரைபடத் திட்டத்தை 2014-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தொடங்கியது. வரைபடத்தின் அளவு 1:50,000. அதாவது வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், நிலத்தில் 500 மீட்டர். ஐந்து சென்ட் மனையின் பரப்பு சுமார் 200 சதுர மீட்டர். பக்கத்துக்கு 14 மீட்டர் என்று வைத்தால், வரைபடத்தில் அது கால் மில்லிமீட்டர் சொச்சம். எந்த வட்டாரத்தில் கவனம் வேண்டும் என்று வரைபடம் சொல்லும். உங்கள் சமையலறைக்குப் பின்னால் வெட்டிய மண் நிற்குமா என்று சொல்ல, ஒருவர் நேரில் வந்து நின்றுதான் பார்க்க வேண்டும்.
―――――――――――

‘சங்கம் வைத்துக் கொள்ளை’ என்ற குற்றச்சாட்டு

உரிமத்துக்கு எதிரான வாதங்களில் பலமானது பொருளாதார வாதம். எந்தத் தொழிலுக்கு உரிமம் வைத்தாலும் உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள், கட்டணம் ஏறும், புதியவர்கள் வர முடியாது. பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1962-இல் டாக்டர் உரிமத்தையே ஒழிக்கலாம் என்று வாதிட்டார். இது வெறும் ஏட்டு வாதமாக நின்றுவிடவில்லை. நாட்டிலேயே முதலில் நிலவியலாளருக்கு உரிமம் கொடுத்த அரிசோனாவில், 2016-இல் தேவையற்ற உரிமங்களை வெட்டும் மசோதா வந்தபோது முதல் வரைவின் பட்டியலில் நிலவியலாளரும் இருந்தார்கள். கடும் எதிர்ப்புக்குப் பின்தான் தப்பினார்கள். கலிஃபோர்னியாவிலும் 2009-இல் நிலவியலாளரின் தனி வாரியம் கலைக்கப்பட்டு, பொறியாளர் வாரியத்தோடு சேர்க்கப்பட்டது. 1960-களில் எதற்குப் பயந்தார்களோ அது நடந்தது. வானம் இடிந்து விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஃபிரீட்மனின் வாதத்துக்கு ஓர் அடித்தளம் உண்டு. சேவையை வாங்குபவரும் அதனால் கெடுபவரும் ஒரே ஆளாக இருந்தால், மோசமான ஆளைச் சந்தையே ஒதுக்கிவிடும். முடிதிருத்துபவருக்கு உரிமம் வேண்டாம் என்றால் நானும் கை தூக்குவேன். நிலவியல் அறிக்கையில் அந்த அடித்தளம் இல்லை. மேலே ரிசார்ட் கட்டுபவர் பணம் கொடுக்கிறார். சரிந்தால் சாவது கீழே லைன் வீட்டில் தூங்கும் தேயிலைத் தொழிலாளி. மனை போட்டவர் அறிக்கை வாங்குகிறார். பத்து ஆண்டு கழித்து அதை மூன்றாவது கையாக வாங்கியவரின் சுவர் வெடிக்கிறது. பணம் கொடுப்பவருக்குச் சாதகமான அறிக்கைதான் வேண்டும். அதை எழுதித் தருபவருக்கு அடுத்த வேலையும் கிடைக்கும். இங்கே சந்தை நல்லவரை அல்ல, வளைந்து கொடுப்பவரைத்தான் தேடிப் பிடிக்கும். அந்த இடத்தில், "எழுதினால் என் உரிமம் போய்விடும் சார்" என்று சொல்ல ஒரு நிலவியலாளருக்கு வழி இருப்பது அவருக்கே கேடயம்.

கட்டணம் ஏறும் என்பதை மறுக்க முடியாது. கூடலூரில் மூன்று சென்ட்டில் வீடு கட்டும் குடும்பத்திடம் நிலவியல் அறிக்கை கேட்டால், அவர்கள் அறிக்கை வாங்க மாட்டார்கள். அனுமதியே இல்லாமல் கட்டுவார்கள். எனவே எல்லாக் கட்டடத்துக்கும் அறிக்கை என்று விதி போடுவது பேப்பரில் அழகாக இருக்கும், நிலத்தில் தோற்கும். சரிவின் கோணம், வெட்டும் உயரம், கட்டடத்தின் அளவு என்று வரம்பு வைத்து, அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு அரசுச் செலவில் உரிமம் பெற்ற ஒரு நிலவியலாளர் வந்து பார்க்க ஏற்பாடு வேண்டும்.

இன்னொரு வாதம் துறைக்குள்ளிருந்தே வருகிறது. நிலவியல் கணக்குப் பாடம் இல்லை. கண்ணுக்குத் தெரியாததை ஊகிக்கும் வேலை. நான்கு துளை போட்டு நூறு ஏக்கரைப் பற்றிப் பேசுவது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அப்படியிருக்க, தப்பாகச் சொன்னவரைத் தண்டிப்பது எப்படி? இந்தப் பயத்துக்கு ஒரு முகமும் உண்டு. 2009-இல் இத்தாலியின் லாக்குய்லா பூகம்பத்துக்குப் பின், மக்களுக்குத் தவறான நம்பிக்கை கொடுத்தார்கள் என்று ஆறு விஞ்ஞானிகளுக்கும் ஓர் அதிகாரிக்கும் 2012-இல் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2014-இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுதலையானார்கள். என் பார்வையில் அந்த வழக்கு உரிம வாரியத்துக்கு ஆதரவாகத்தான் பேசுகிறது. தொழில் தெரிந்தவர்கள் முதலில் விசாரிக்காமல் விட்டால் விஷயம் நேராகக் கிரிமினல் கோர்ட்டுக்குப் போகும். வாரியம் கேட்கும் கேள்வி, கணிப்பு பலித்ததா என்பதாக இருக்கக் கூடாது. நேரில் போனாயா, போதுமான துளை போட்டாயா, கண்ட பழைய சரிவை அறிக்கையில் மறைத்தாயா, உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதினாயா? இவற்றுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியும். நோயாளி இறந்ததற்காக மட்டும் டாக்டரின் பதிவை யாரும் ரத்து செய்வதில்லை.

தங்கமில்லாத தங்கச் சுரங்கம்

படித்தவர், அனுபவசாலி என்பது மட்டும் போதாது என்பதற்கு பிரீ-எக்ஸ் கதையைவிட நல்ல சாட்சி இல்லை. இந்தோனேசியாவின் போர்னியோ காட்டில் புசாங் என்ற இடத்தில் உலகத்தின் மிகப் பெரிய தங்கப் படிவு கிடைத்ததாக அந்தக் கனடிய நிறுவனம் அறிவித்தது. பங்குச் சந்தையில் அதன் மதிப்பு உச்சத்தில் சுமார் 600 கோடி கனடிய டாலர். துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டில் பாதியை அறுத்துச் சாட்சியாக வைத்துக்கொள்வது தொழில் வழக்கம்; அங்கே முழுத் தண்டையும் பொடியாக்கினார்கள். பொடியில் இருந்த தங்கத் துகள்கள் ஆற்று மணலில் உருண்ட மாதிரி வழுவழுப்பாக இருந்தன. 1997 மார்ச்சில் அதன் நிலவியலாளர்களில் ஒருவரான மைக்கேல் டி கஸ்மான் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மே மாதம் தனியார் தணிக்கை நிறுவனம், மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் தூவப்பட்டிருக்கிறது என்று சொன்னது. ஓய்வூதிய நிதிகளும் சாதாரணக் குடும்பங்களும் போட்ட பணம் காற்றில் போனது.

கனடா இதற்குக் கொடுத்த பதில் கவனிக்கத்தக்கது. 2001-இல் வந்த பங்குச்சந்தை விதி, பட்டியலிட்ட கம்பெனி கனிம வளம் பற்றி வெளியிடும் எந்தத் தகவலுக்கும் பின்னால் ‘தகுதியுள்ள நபர்’ ஒருவர் இருக்க வேண்டும் என்றது. அவர் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமும், ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அதிகாரமுள்ள தொழில் அமைப்பின் உறுப்பினர் தகுதியும் உள்ளவராக இருக்க வேண்டும். தளத்துக்குப் போயிருக்க வேண்டும். பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதே காலத்தில் ஒன்டாரியோவும் கியூபெக்கும் நிலவியலாளருக்குத் தனி உரிமச் சட்டங்கள் இயற்றின. இதனால் மோசடி ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மோசடி செய்ய இப்போது இன்னொரு ஆளையும் கூட்டுச் சேர்க்க வேண்டும், அந்த ஆளுக்கு இழக்க ஒன்று இருக்கிறது. இந்தியாவும் 2019-இல் கனிம வள அறிக்கைக்கான உலகளாவிய குழுவில் தன் சொந்த விதித்தொகுப்போடு சேர்ந்தது. முதலீட்டாளரின் பணத்துக்கு இந்தக் காவல் வந்துவிட்டது. மலையடிவாரத்து வீட்டுக்கு வரவில்லை.

சொன்னார்கள், கேட்கவில்லை

என் வாதத்தில் பலவீனமான இடம் எது என்று எனக்குத் தெரியும்: வயோன்ட். இத்தாலியின் வட மலைகளில் இருக்கும் அந்த அணைக்குப் பின்னால், 1963 அக்டோபர் 9 இரவு ஒரு மலைச்சரிவு முழுதாக நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. சுமார் 26 கோடி கன மீட்டர் பாறை. எழும்பிய அலை அணையைத் தாண்டிப் போய் லோங்கரோனே ஊரைத் துடைத்தது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். அணை இன்றும் நிற்கிறது. இத்தாலி நிலவியலாளர் தொழிலுக்குச் சட்டம் கொண்டுவந்தது அதே ஆண்டு பிப்ரவரியில். அதைவிடக் கசப்பானது, அந்தச் சரிவில் ஒரு பழைய பெருஞ்சரிவு ஒளிந்திருக்கிறது என்று ஒரு நிலவியலாளர் முன்பே கண்டுபிடித்திருந்தார். அவர் எதுவார்தோ செமென்சா. அணையை வடிவமைத்த கார்லோ செமென்சாவின் மகன். தெரியாமல் போகவில்லை, தெரிந்தும் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். நம் நாட்டில் உத்தராகண்டின் ஜோஷிமட்டும் அதே ரகம். பழைய நிலச்சரிவுக் குவியலின் மேல்தான் ஊர் உட்கார்ந்திருக்கிறது, கனமான கட்டுமானம் வேண்டாம் என்று மிஸ்ரா குழு சொன்னது 1976-இல். சுவர்கள் வெடித்து ஊரில் பல குடும்பங்களை வெளியேற்றியது 2023 ஜனவரியில்.

அப்படியானால் உரிமம் எதற்கு? இந்த இரண்டு இடங்களிலும் நிலவியலாளர் சொன்னது ஆலோசனை. கேட்கலாம், கேட்காமலும் போகலாம். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் வேலை நடக்காது என்ற நிலை இருக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் நிலைமை மாறியதற்குக் காரணம் நிலவியலாளர் புத்திசாலியானது அல்ல. அவர் ஒப்புக்கொள்ளாமல் மனைக்கு அனுமதி கிடைக்காது என்றானது. ஆகவே சான்றிதழ் கொடுத்து அடையாள அட்டை மாட்டிவிடுவதோடு நிற்கும் உரிமச் சட்டம் வந்தால், அதைக் கேட்டுப் போராடும் சங்கங்களைத் தவிர வேறு யாருக்கும் பயனில்லை. எந்த வேலைக்கு யார் கையெழுத்துக் கட்டாயம் என்று அதே சட்டத்தில் இருக்க வேண்டும்.

எந்த வேலைக்கு வேண்டாம் என்பதும் இருக்க வேண்டும். டெக்சாஸ் சட்டம் எண்ணெய், எரிவாயு தேடும் நிலவியலாளருக்கு விலக்குக் கொடுக்கிறது; அங்கே ஏமாந்தால் கம்பெனிதான் ஏமாறும். கல்லூரியில் பாடம் நடத்துபவருக்கும் புதைபடிவம் தேடுபவருக்கும் உரிமம் எதற்கு? மலைச்சரிவில் கட்டுமானம், அணையும் சுரங்கப்பாதையும், குவாரியின் சுவர், குப்பைக் கிடங்கு, மாசுபட்ட நிலத்தடி நீர் என்று பொதுமக்களின் உயிரும் தண்ணீரும் தொங்கும் வேலைகளுக்கு மட்டும் போதும். அரசுத் துறைகளுக்கு மட்டும் விலக்குக் கூடாது. ‘எங்களிடமே வல்லுநர்கள் இருக்கிறார்கள்’ என்று சொல்லி வாங்கும் விலக்கு என்ன செய்யும் என்பதை 1917 சட்டம் காட்டிவிட்டது. நெடுஞ்சாலைத் துறை மலையை வெட்டினாலும் பெயருள்ள ஒரு நிலவியலாளர் கையெழுத்திட வேண்டும்.

இதற்கு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் சட்டம், மருத்துவம் உள்ளிட்ட தொழில்கள் பொதுப்பட்டியலின் 26-ஆவது இனத்தில் இருக்கின்றன. மாநிலமே சட்டம் செய்யலாம். அதற்கும் நேரமாகும் என்றால், 2019 கட்டட விதிகளின் தொழில்முறையாளர் பட்டியலில் பதிவு பெற்ற நிலவியலாளர் என்று ஓர் இனத்தைச் சேர்ப்பதற்கு ஓர் அரசாணை போதும். சண்டை வரப்போவது அடுத்த படியில். புதிய உரிமம் வரும் இடங்களில் பழைய ஆட்களைத் தேர்வில்லாமல் உள்ளே விடுவது வழக்கம். டெக்சாஸும் குறிப்பிட்ட காலத்துக்கு அப்படி விட்டது. இங்கேயும் இத்தனை நாளாகச் சுரங்கத் திட்டம் எழுதியவர்கள் அனைவரும் முதல் நாளே வரிசையில் நிற்பார்கள். அவர்கள் எழுதிய கடைசி ஐந்து அறிக்கைகளை வாங்கி, அந்த இடங்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, தொழில் தெரிந்த பத்துப் பேர் கொண்ட குழுவும் ஓர் ஆண்டு அவகாசமும் வேண்டியிருக்கும்.